கடல் நிறத் தொலையுணர்வின் வரலாறு: கடல் மாறியதா, கருவி மாறியதா?

கடல் நிறத் தொலையுணர்வு என்பது கடல்நீரிலிருந்து மேலெழும் ஒளியின் நிறத்தைச் செயற்கைக்கோள் மூலம் அளந்து, அந்த நீரில் உள்ள உயிருள்ள துகள்களையும் உயிரற்ற துகள்களையும் கணிக்கும் முறையாகும். 1978-ஆம் ஆண்டு இதற்கான முதல் கருவி விண்ணில் ஏவப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. புவி வெப்பமாவதால் கடலின் உயிர்வளம் குறைகிறதா, கூடுகிறதா, இடம் மாறுகிறதா என்ற கேள்விக்கு உலகம் முழுவதையும் பார்த்து விடை தேட நம்மிடம் உள்ள முதன்மையான சான்று இந்த நிறப் பதிவேதான்.

அந்தப் பதிவு ஒரே கருவியால் இடைவிடாமல் எழுதப்பட்டதன்று. ஒன்று பழுதடைய, மற்றொன்று தாமதமாக வர, இடையில் பத்தாண்டுகள் வெறுமையாகக் கழிய, துண்டு துண்டாகச் சேர்ந்தது. ஆகவே இந்த வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: தரவில் தெரியும் மாற்றம் கடலில் நிகழ்ந்ததா, அல்லது அதை அளந்த கருவியில் நிகழ்ந்ததா?

மிதவை உயிரிகளும் கடலின் நிறமும்

பைட்டோபிளாங்டன் எனப்படும் தாவர மிதவை உயிரிகள் பெரும்பாலும் ஒற்றைச் செல் கொண்டவை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. உலகிலுள்ள தாவரங்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றால் நடக்கிறது. இவை சில நாள்களிலேயே பிறந்து, பெருகி, உண்ணப்பட்டு மறைவதுதான் இதற்குக் காரணம். சிறு இறால் வகைகள் முதல் மத்தி, சூரை, திமிங்கிலம் வரை கடலின் உணவுச்சங்கிலி பெரும்பாலும் இவற்றின்மேல் நிற்கிறது.

தூய கடல்நீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சிவிடும். நீல ஒளியே சிதறி மேலே வரும். அதனால் உயிர்கள் குறைந்த நடுக்கடல் ஆழ்ந்த நீலமாகத் தெரிகிறது. மிதவை உயிரிகளிலுள்ள பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை ஒளியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. எனவே உயிரிகள் பெருகப் பெருக நீரின் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு நகர்கிறது. நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் பச்சையத்தின் செறிவைக் கணிக்கலாம் என்பதே இந்தத் துறையின் அடிப்படை.

பச்சையம் தவிர, நீரில் மிதக்கும் எந்தத் துகளும் ஒளியைச் சிதறடிக்கும். உயிருள்ள செல்கள், இறந்த செல்களின் சிதைவுகள், ஆறு கொண்டுவரும் வண்டல், சுண்ணாம்பு ஓடுகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவ்வாறு வந்த திசைக்கே திரும்பும் ஒளி பின்சிதறல் எனப்படும். பச்சையம் நிறத்தை மாற்றுகிறது என்றால், துகள்கள் வெளிச்சத்தை மாற்றுகின்றன எனலாம். பிற்காலத்தில் இந்த வேறுபாடு பெரிதும் உதவியது.

கப்பல் காலம்: தட்டும் பட்டுத்துணியும்

கடல்நீரின் தெளிவை முறையாக அளக்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1865-இல் இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்சலோ செக்கி, போப்பாண்டவருக்குச் சொந்தமான கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி, அவை எந்த ஆழத்தில் பார்வையிலிருந்து மறைகின்றன எனக் குறித்தார். செக்கி தட்டு எனப்படும் இந்த எளிய கருவி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதே நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஃபோரல், ஜெர்மனியின் ஊலே ஆகியோர் நீரின் நிறத்தை ஒப்பிட்டு எண்ணிடும் நிற அளவுகோலை உருவாக்கினர். 1887-இல் ஜெர்மானிய உடலியலாளர் விக்டர் ஹென்சன் 'பிளாங்டன்' என்ற சொல்லை வழங்கினார்.

பிரிட்டிஷ் கடலியலாளர் அலிஸ்டர் ஹார்டி, கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லக்கூடிய ஒரு பதிவுக் கருவியை வடிவமைத்தார். அதற்குள் மெல்ல நகரும் பட்டுத்துணிச் சுருளில் மிதவை உயிரிகள் சிக்கிக்கொள்ளும். 1931 முதல் வணிகக் கப்பல்கள் இதை வடகடலில் இழுத்துச் செல்லத் தொடங்கின. துணியில் படிந்த பச்சை நிறத்தின் அடர்த்தியைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த ஆய்வின் ஒரு பகுதியாயிற்று.

இவை அனைத்தும் மதிப்புமிக்க பதிவுகள். ஆனால் கப்பல் சென்ற தடத்தைத் தவிர வேறெதையும் அவை காட்டவில்லை. மிதவை உயிரிகள் ஓரிரு வாரங்களில் பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பெருகி அடங்கிவிடும். அந்த வேகத்துக்கு எந்தக் கப்பலாலும் ஈடுகொடுக்க முடியாது.

விமானத்திலிருந்து விண்வெளிக்கு

மேலிருந்து பார்த்தே பச்சையத்தை அளக்க முடியுமா என்பதை ஜார்ஜ் கிளார்க், கிஃபோர்டு யூயிங், கார்ல் லாரன்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தனர். விமானத்தில் நிறமாலைமானியை வைத்து அட்லாண்டிக்கின் பல பகுதிகளுக்கு மேலே பறந்து, கடலிலிருந்து திரும்பும் ஒளியைப் பதிவுசெய்தனர். பச்சையம் கூடிய நீரும் குறைந்த நீரும் வெவ்வேறு நிறமாலைகளைக் காட்டின. 1970-இல் சயன்ஸ் இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

செயற்கைக்கோளின் உயரத்தில் ஒரு பெருந்தடை இருந்தது. அங்கே உணரியை வந்தடையும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதம் கடலிலிருந்து வருவதன்று. வளிமண்டலத்தின் காற்று மூலக்கூறுகளும் தூசியும் சிதறடித்த ஒளியே அது. மீதியுள்ள சிறு பங்கில்தான் கடலைப் பற்றிய செய்தி இருக்கிறது. மொத்த ஒளியை அளப்பதில் 1 சதவீதப் பிழை நேர்ந்தாலும் கடல் ஒளியில் அது 10 சதவீதப் பிழையாகப் பெருகிவிடும்.

இந்த வளிமண்டல ஒளியைக் கணித்துக் கழிக்கும் முறையை மயாமி பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு கார்டன் உருவாக்கினார். கடல்நீர் சிவப்பை உறிஞ்சிவிடுவதால், திறந்த கடலுக்கு மேல் சிவப்பு அலைநீளத்தில் தெரியும் ஒளி பெரும்பாலும் காற்றிலிருந்தே வருகிறது. அதை வைத்து மற்ற நிறங்களில் கழிக்க வேண்டிய அளவைக் கணிக்கலாம் என்பது அவர் வழி. இதே காலத்தில் பிரான்சின் ஆந்திரே மொரெல், லூயி பிரியர் இருவரும் 1977-இல் கடல்நீரை இரு வகையாகப் பிரித்தனர். நிறத்தை மிதவை உயிரிகளே தீர்மானிக்கும் நீர் முதல் வகை. வண்டல், கரைந்த கரிமப் பொருள்கள் முதலியன தனித்து நிறத்தை மாற்றும் நீர் இரண்டாம் வகை. பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த, கலங்கலான கடற்பகுதிகளில் செயற்கைக்கோளின் பச்சையக் கணிப்பை அப்படியே நம்ப முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

முதல் கண்: 1978–1986

1978 அக்டோபர் 24-இல் நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் 'கரையோர மண்டல நிற வருடி' என்ற கருவி இருந்தது. செய்து பார்க்கும் முயற்சியாக, ஓராண்டுக்கு மட்டுமே திட்டமிடப்பட்ட இது 1986 வரை இயங்கியது. அதே செயற்கைக்கோளில் இருந்த மற்ற கருவிகளுடன் மின்சாரத்தைப் பங்கிட வேண்டியிருந்ததால் எந்நேரமும் இதை இயக்க முடியவில்லை. சில கடற்பகுதிகளுக்கு ஏராளமான படங்களும் வேறு சிலவற்றுக்கு மிகச் சிலவுமே கிடைத்தன.

ஆயினும் அது காட்டியவை புதியவை. 1982–83 எல் நினோவின்போது கலாபகஸ் தீவுகளைச் சுற்றி வழக்கமாகச் செழிக்கும் பச்சையப் பரப்பு இடம் மாறிப்போனதை ஜீன் ஃபெல்ட்மேன் முதலியோர் 1984-இல் வெளியிட்டனர். அத்தீவுகளில் கடற்பறவைகளும் கடல் பாலூட்டிகளும் இனப்பெருக்கத்தில் தோல்வியுற்ற காலம் அது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் மேற்கே கடலில் பால் கொட்டியதுபோல் வெண்மையான திட்டுகள் படங்களில் தெரிந்தன. கப்பலில் சென்று நீரை எடுத்துப் பார்த்தபோது, சுண்ணாம்புத் தகடுகளை மேனியில் சுமக்கும் காக்கோலித்தோஃபோர் என்ற மிதவை உயிரியின் பெருக்கம் எனத் தெரியவந்தது. பச்சையத்தை அளக்கச் சென்ற கருவி துகள்களையும் காட்டிவிட்டது.

இக்கருவியின் குறையும் இக்காலத்திலேயே வெளிப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் உணர்திறன், குறிப்பாக நீல அலைநீளத்தில், மங்கிக்கொண்டே வந்தது. நீல ஒளி குறைந்தால் அது பச்சையம் கூடியதுபோல் தோன்றும். போதாக்குறைக்கு, 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து வளிமண்டலத்தின் மேலடுக்கில் நுண்துகள்களைப் பரப்பியது. அது வளிமண்டலத் திருத்தத்தையும் குழப்பியது.

இடைவெளியும் மறுதொடக்கமும்

1986-இல் இக்கருவி நின்றபோது அதன் இடத்தைப் பிடிக்க வேறொன்று தயாராக இல்லை. அடுத்த பத்தாண்டுகளுக்கு உலகக் கடலின் நிறம் விண்ணிலிருந்து பதிவாகவே இல்லை. 1996 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-பி3, ஜெர்மனியில் உருவான கடல் நிற உணரி ஒன்றைச் சுமந்து சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் ஏடியோஸ் செயற்கைக்கோள் உலகு தழுவிய நிற உணரியுடன் சென்றது. ஆனால் சூரியத் தகடு பழுதாகி 1997 ஜூனில் செயலிழந்தது.

பல ஆண்டுகள் தள்ளிப்போன நாசாவின் சீவிஃப்ஸ் உணரி 1997 ஆகஸ்ட் 1-இல் விண்ணை அடைந்தது. செயற்கைக்கோள் ஒரு தனியார் நிறுவனத்துடையது. ஆராய்ச்சிக்கான தரவை நாசா விலைகொடுத்துப் பெற்றது. ஐந்தாண்டுகளுக்கு எனக் கட்டப்பட்ட சீவிஃப்ஸ் 2010 டிசம்பர் வரை, 13 ஆண்டுகள் உழைத்தது.

முந்தைய கருவியின் அனுபவத்தால் இம்முறை இரு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. முதலாவது, மாதம் ஒருமுறை செயற்கைக்கோளையே திருப்பி நிலவைப் பார்க்கச் செய்தனர். காற்றும் மழையும் இல்லாத நிலவின் மேற்பரப்பு ஒளியைத் திருப்பும் தன்மை மனிதக் கால அளவில் மாறுவதில்லை எனலாம். நிலவு மங்கித் தெரிந்தால் மங்கியது உணரிதான். இரண்டாவது, ஹவாயின் லானாய் தீவருகே மோபி என்ற ஒளியியல் மிதவை நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள் கணிக்கும் கடல் ஒளியை அதே இடத்தில் நீரிலேயே அளந்து சரிபார்க்க இது உதவியது. விண்ணில் நிலவும் கடலில் மிதவையும் இருபுறமும் சாட்சியாக நின்றதால்தான் சீவிஃப்ஸ் தரவு நீண்டகால ஒப்பீட்டுக்குத் தகுதி பெற்றது.

காலமும் ஒத்துழைத்தது. உணரி தொடங்கிய சில மாதங்களில் 1997–98 எல் நினோ உச்சத்தை எட்டியது. 1998-இன் நடுப்பகுதியில் அது முறிந்து, பசிபிக் நடுக்கோட்டில் ஆழத்துச் சத்துநீர் மேலெழுந்தபோது, பரந்த கடற்பரப்பு திடீரெனப் பசுமையானது. முழுக் கடலும் பருவநிலைக்கு எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறது என்பது முதன்முறையாகக் கண்முன் தெரிந்தது.

கூடியதா, குறைந்ததா?

1980-களின் தரவையும் 1997-க்குப் பிந்தைய தரவையும் ஒப்பிட்டால் நீண்டகால மாற்றம் தெரியும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. 2002-இல் வாட்சன் கிரெக், மார்கரிட்டா காங்க்ரைட் இருவரும் உலகக் கடலின் பச்சையம் 6 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக அறிவித்தனர். 2005-இல் டேவிட் ஆன்ட்வான் குழுவினர் அதே இரு கருவிகளின் தரவை வேறு முறையில் செயலாக்கி, ஏறக்குறைய 22 சதவீதம் கூடியதாகக் கண்டனர். பின்னவர் குழுவில் மேலே குறிப்பிட்ட மொரெலும் கார்டனும் இருந்தனர்.

ஒரே கடலைப் பற்றி எதிரெதிரான இரு முடிவுகள். இரு தரப்பும் தேர்ந்த ஆய்வாளர்கள். வேறுபட்டவை அவர்கள் எடுத்துக்கொண்ட ஆண்டுகளும் திருத்த முறைகளும் கப்பல் தரவைச் சேர்த்துக்கொண்ட விதமுமே. இரண்டு கருவிகளும் ஒரு நாளாவது ஒன்றாக இயங்கியிருந்தால், ஒன்றை மற்றொன்றோடு நேரடியாக ஒப்பிட்டிருக்கலாம். அந்தப் பத்தாண்டு வெறுமையை எந்தக் கணக்காலும் முழுதாக நிரப்ப முடியவில்லை.

சீவிஃப்ஸ் தரவை மட்டும் கொண்டு செய்த ஆய்வுகள் சற்று உறுதியாகப் பேசின. 2006-இல் மைக்கேல் பேரன்ஃபெல்டு குழுவினர், 1999-க்குப் பின் கடலின் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 19 கோடி டன் கார்பன் அளவில் குறைந்ததாகவும், அது கடல் மேற்பரப்பு வெப்பமாவதோடு ஒத்துப்போவதாகவும் காட்டினர். மேல்நீர் சூடானால் அது லேசாகி, அடியிலுள்ள குளிர்ந்த சத்துநீருடன் கலப்பது குறையும் என்பது அவர்கள் விளக்கம். 2008-இல் ஜெஃப்ரி பொலோவினா குழுவினர், நடுக்கடலின் உயிர்வறண்ட பரப்பு 1998 முதல் 2006 வரை 66 லட்சம் சதுர கி.மீ. விரிந்ததாகக் கணக்கிட்டனர்.

2010-இல் டேனியல் பாய்ஸ் குழுவினர் செக்கி தட்டுப் பதிவுகளையும் பச்சைய அளவீடுகளையும் இணைத்து, ஒரு நூற்றாண்டாகவே மிதவை உயிரிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்து வருவதாக நேச்சர் இதழில் எழுதினர். அடுத்த ஆண்டே அதே இதழில் மறுப்புகள் வந்தன. தட்டினால் கணித்த பச்சையமும் நீரில் நேரடியாக அளந்த பச்சையமும் ஒன்றல்ல. அளக்கும் முறை மாறியதே சரிவுபோலத் தோன்றியிருக்கலாம் என்றனர் மறுத்தவர்கள். ஹார்டி வழிவந்த பட்டுத்துணிப் பதிவு வட அட்லாண்டிக்கில் குறைவைக் காட்டவில்லை என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது. கேள்வி மீண்டும் பழைய இடத்துக்கே வந்தது.

2010-இல் ஸ்டெஃபனி ஹென்சன் குழுவினர் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தனர். எல் நினோ போன்ற இயற்கையான ஏற்ற இறக்கங்களிலிருந்து பருவநிலை மாற்றத்தின் தடத்தைப் பிரித்தறிய, பச்சையத் தரவு ஏறக்குறைய 40 ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றது அவர்கள் கணிப்பு.

இந்தியப் பெருங்கடலில்

இதே குழப்பம் இந்தியப் பெருங்கடலிலும் காணப்பட்டது. 2005-இல் ஜோகிம் கோயஸ் குழுவினர், மேற்கு அரபிக்கடலில் கோடைக்காலப் பச்சையம் ஏழு ஆண்டுகளில் 350 சதவீதத்துக்கும் மேல் கூடியதாகச் சீவிஃப்ஸ் தரவிலிருந்து காட்டினர். யூரேசிய நிலப்பரப்பு சூடாவதால் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெற்றதே காரணம் என்றனர். 2016-இல் ராக்சி மேத்யூ கோல் குழுவினர் நீண்டகால நோக்கில் எதிர்ப்போக்கைக் கண்டனர்: அறுபது ஆண்டுகளில் மேற்கு இந்தியப் பெருங்கடலின் மிதவை உயிரிகள் 20 சதவீதம் வரை குறைந்துள்ளன, கடல் வேகமாகச் சூடாவதே காரணம். சில ஆண்டுகளின் ஏற்றத்தைக் கொண்டு நீண்டகாலப் போக்கை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தியா இக்கடலைத் தன் கருவிகளாலும் பார்த்து வருகிறது. 1999 மே 26-இல் ஓஷன்சாட்-1, 2009-இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஓஷன்சாட்-3 ஆகியவை ஏவப்பட்டன. மூன்றாவதில் உள்ள கடல் நிற உணரி 13 அலைவரிசைகளில் பார்க்கிறது. பச்சையப் படங்களையும் கடல் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. நூறாண்டுப் போக்கைத் தேடும் அதே தரவு, மறுநாள் படகை எந்தப் பக்கம் செலுத்துவது என்பதற்கும் பயன்படுகிறது.

பச்சையத்திலிருந்து துகள்களுக்கு

பச்சையத்தை மட்டும் நம்புவதில் வேறொரு சிக்கலும் உண்டு. நிழலில் வளரும் செடியின் இலை அடர்பச்சையாவதுபோல், வெளிச்சம் குறைந்த நீரில் மிதவை உயிரிகள் தம்முள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கின்றன. வெளிச்சம் மிகுந்தால் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே பச்சையம் குறைந்தது என்றால் உயிரிகள் குறைந்தன என்று உடனே சொல்லிவிட முடியாது. அதே எண்ணிக்கையிலான செல்கள் வெளிச்சமான மேலடுக்கில் தங்கி, பச்சையத்தை மட்டும் குறைத்திருக்கலாம்.

இங்கேதான் துகள்களின் பின்சிதறல் உதவுகிறது. அது பச்சையத்தை அல்ல, துகள்களின் அளவைக் காட்டுகிறது. அதிலிருந்து உயிரிகளின் கார்பன் எடையை மதிப்பிடலாம். 2005 முதல் பேரன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தொடங்கினர். 2016-இல் அவர்கள் வெளியிட்ட மறு ஆய்வு, வெப்பமான கடல்களில் முன்பு 'சரிவு' எனக் கருதப்பட்ட பச்சையக் குறைவில் பெரும்பங்கு இத்தகைய ஒளித் தகவமைப்பே என்றது. பத்தாண்டுகளுக்கு முன் தாம் எழுதிய முடிவையே அவர்கள் இவ்வாறு திருத்திப் படித்தனர்.

மேகங்களையும் தூசியையும் அளக்க 2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் கருவியும் எதிர்பாராத வகையில் இத்துறைக்குப் பயன்பட்டது. தானே ஒளியை அனுப்புவதால் அதற்கு இரவும் பகலும் ஒன்றே. சூரியன் எழாத துருவக் குளிர்காலத்திலும் மிதவை உயிரிகளின் பெருக்கத்தையும் அழிவையும் அதனால் தொடர முடிந்தது. இரவில் ஆழத்திலிருந்து மேலேறி வரும் சிறு கடல்விலங்குகளின் தடமும் அதன் தரவில் தெரிந்தது.

இருபதாண்டுத் தொடர்ச்சி

2002 மே 4-இல் ஏவப்பட்ட அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் உணரி, ஆறாண்டுத் திட்டத்தைக் கடந்து இருபதாண்டுகளுக்கு மேல் இயங்கியது. ஒரே கருவியின் இந்த நீண்ட தொடர்ச்சி பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்க வழிசெய்தது. 2023-இல் பி. பி. கேல், ஸ்டெஃபனி டுட்கீவிச் முதலியோர் பச்சையத்தை மட்டும் பாராமல், மோடிஸ் அளந்த ஏழு நிறங்களையும் சேர்த்து ஆராய்ந்தனர். 2002 முதல் 2022 வரை உலகக் கடற்பரப்பின் 56 சதவீதத்தில் நிறம் இயற்கையான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி மாறியிருந்தது. இது உலகின் மொத்த நிலப்பரப்பைவிடப் பெரிய பரப்பு. மாற்றம் நடுக்கோட்டை ஒட்டிய வெப்பக் கடல்களில் மிகுந்திருந்தது.

இந்த முடிவு சொல்வதையும் சொல்லாததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருப்பதால் மேற்பரப்பு நீரில் வாழும் உயிர்க்கூட்டமோ அதனுடன் கலந்த துகள்களோ மாறியுள்ளன. ஆனால் எந்த இனம் கூடியது, எது குறைந்தது என்பதை ஏழு நிறங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கென 2024 பிப்ரவரி 8-இல் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள், புற ஊதாவிலிருந்து அகச்சிவப்புக்கு அருகில் வரை இடைவெளியின்றி மெல்லிய நிறக்கூறுகளாக அளக்கிறது. மிதவை உயிரி வகைகளைத் தனித்தனியே அடையாளம் காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஐரோப்பாவின் சென்டினல்-3 வரிசையும் தொடர்ந்து இயங்குகிறது. பல கருவிகளின் தரவை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து இணைக்கும் பணியை ஐரோப்பிய விண்வெளி முகமை மேற்கொண்டுள்ளது.

வரலாறு தரும் பாடம்

ஹென்சன் குறித்த 40 ஆண்டுகளை 1997-இல் தொடங்கி எண்ணினால், 2037 அளவில்தான் இடைவெளியற்ற பதிவு அந்த நீளத்தை எட்டும். 1986-க்குப் பின் கண் மூடாமல் இருந்திருந்தால் அந்த நீளம் ஏற்கெனவே கிடைத்திருக்கும். அன்று ஒரு மாற்றுக் கருவியை உரிய நேரத்தில் அனுப்பாததன் விலையை இன்றைய ஆய்வாளர்கள் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கடலின் நீண்டகால மாற்றத்தை அறிய மிக நுட்பமான ஒரு கருவி போதாது. பழைய கருவி ஓயுமுன் புதியது அருகில் வந்து, சில ஆண்டுகளாவது இரண்டும் ஒரே கடலைப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் நிலவைப் பார்ப்பதும், நீரில் மிதவையைப் பராமரிப்பதும், கப்பலில் சென்று நீரை மொண்டு பார்ப்பதும் தொடர வேண்டும். பெயர் வெளியே தெரியாத இந்த அன்றாடப் பணிகள் நடந்த ஆண்டுகளைப் பற்றி மட்டுமே, மாறியது கருவியன்று, கடல்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.